எண்ணெய் வரும் வழி

திருவனந்தபுரத்தில் வீட்டைச் சூடாக்கவென்று யாரும் எதையும் வாங்குவதில்லை. மார்கழி விடியற்காலையில்கூட இங்கே ஒரு பருத்திப் போர்வை போதும். ஆனாலும் எண்ணெயை எரித்து அனல் உண்டாக்குகிற கருவி ஒன்று நான் வளர்ந்த வலியசாலை வீட்டில் இருந்தது. மூன்று கால்கள், பூசணிக்காய் போலப் பித்தளைத் தொட்டி, பக்கவாட்டில் ஒரு பம்பு, மேலே கறுத்துப்போன பர்னர். பம்பு ஸ்டவ். அம்மா அதைப் புளி போட்டுத் துலக்குவாள். துலக்கி வைத்தால் தொட்டியில் முகம் தெரியும்.

ஒருநாள் காலை அது பற்றவில்லை. அப்பாவுக்கு ஆபீஸ், எனக்குப் பள்ளிக்கூடம். அரைப் பெட்டித் தீக்குச்சி தீர்ந்துபோனது. பர்னரில் மஞ்சளாக ஒரு நாக்கு எழும்பும், அடுக்களை முழுக்கக் கரும்புகை கவியும், பிறகு அணைந்துவிடும். அன்றைக்குப் பழைய சோறும் மோரும்தான். சாயங்காலம் ஸ்டவ்வைச் சாக்குப் பையில் போட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, அம்மா சாலைத் தெருவுக்குப் போனாள். ஆ. மாதவனின் கதைகளில் வருகிற அதே சாலைக் கடைத்தெரு. அங்கே ஒரு சந்தின் வாயில் பலகை போட்டு உட்கார்ந்திருப்பார், நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்த ஸ்டவ் ரிப்பேர் அண்ணாச்சி.

அவர் தீப்பெட்டியைத் தொடவே இல்லை. முதலில் ஸ்டவ்வைக் காதோரம் வைத்துக் குலுக்கினார். உள்ளே எண்ணெய் சளசளத்தது. காற்றுத் திருகை இறுக்கிவிட்டுப் பத்துத் தடவை பம்பு அடித்தார். பிறகு பேசாமல் காத்திருந்தார். ஒரு நிமிடம் கழித்துத் திருகைத் தளர்த்தியபோது 'உஸ்' என்று வர வேண்டிய காற்று, பெருமூச்சு மாதிரி மெல்லத்தான் வந்தது. பம்பின் தண்டை உருவினார். அதன் நுனியில் இருந்த தோல் வாஷர் காய்ந்து, வற்றல் போலச் சுருங்கியிருந்தது. அதை எண்ணெயில் ஊறப் போட்டுவிட்டு, பர்னர் நடுவில் இருந்த நிப்பிளைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். ஒன்றும் தெரியவில்லை. தகரப் பிடியில் முடி போன்ற கம்பி பொருத்திய ஸ்டவ் பின்னை அதற்குள் நுழைத்து இழுத்தார். மறுபடி பார்த்தேன். ஊசிமுனை அளவில் ஒரு வானம் தெரிந்தது.

"தீ பத்தலைன்னா தீயைப் பாத்து ஒண்ணும் ஆகாதும்மா," என்றார். "எண்ணெய் எங்கேருந்து கெளம்புது, எதுவரைக்கும் வருது, அதைப் பாக்கணும்."

அறிவியல் எழுதுவதையே வேலையாகக் கொண்டு இத்தனை வருடம் ஆகியும் எரிதலைப் பற்றி இதைவிடப் பயனுள்ள ஒரு வாக்கியத்தை நான் கேட்டதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

எண்ணெய் எரிகிறது என்கிறோம். திரவமாக இருக்கும் எண்ணெய் எரிவதில்லை. எரிவது அதன் ஆவி. அந்த ஆவியும் காற்றோடு சரியான அளவில் கலந்தால்தான் எரியும். நூறு பங்கு கலவையில் ஏறக்குறைய ஒரு பங்கிலிருந்து ஐந்து பங்கு வரை மண்ணெண்ணெய் ஆவி இருக்க வேண்டும். குறைந்தால் பற்றாது, கூடினாலும் பற்றாது. மண்ணெண்ணெய் என்பது ஒரே பொருளும் அல்ல. ஏறக்குறைய பத்து முதல் பதினாறு கார்பன் அணுக்கள் கோத்த பல சங்கிலிகளின் கலவை அது. அதனால் ஒரே சூட்டில் கொதிக்காமல், 150 டிகிரியில் தொடங்கி 300 டிகிரி செல்சியஸ் வரை பகுதி பகுதியாகக் கொதிக்கிறது. தீப்பொறி பட்டால் பற்றுகிற அளவுக்கு அதன் மேல் ஆவி சேர, ஏறக்குறைய 38 டிகிரி வேண்டும். பெட்ரோலுக்கோ உறைபனிக்கும் கீழே, மைனஸ் 40 டிகிரியிலேயே அந்த அளவு ஆவி சேர்ந்துவிடும். பெட்ரோல் கலந்த மண்ணெண்ணெயை ஸ்டவ்வில் ஊற்றுவது உயிருக்கு ஆபத்து என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும்.

ஆக, ஸ்டவ்வின் வேலை பாதிக்கு மேல் சமையல் தொடங்கும் முன்பே நடக்கிறது. பர்னரின் கீழே உள்ள கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்துவோம். சில வீடுகளில் மண்ணெண்ணெயில் நனைத்த துணி. அந்தச் சின்னத் தீ பர்னரின் குழாய்களைப் பழுக்கச் சூடாக்கும். அதன் பிறகு பம்பு அடித்தால், தொட்டியில் அடைபட்ட காற்று எண்ணெயை மேலே தள்ளும். சூடான குழாய்க்குள் வந்ததும் எண்ணெய் ஆவியாகும். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத நிப்பிள் துளை வழியே அந்த ஆவி சீறிப் பாயும்போது சுற்றியுள்ள காற்றையும் இழுத்துக்கொள்ளும். நீலமாகப் பற்றும். அந்த நீலத் தீ மேலே பாத்திரத்தைச் சுடுவதோடு, கீழே தன் குழாயையும் சுடுகிறது. தன்னுடைய அடுத்த வாய் எண்ணெயைத் தானே ஆவியாக்கிக்கொள்கிறது. ஒருமுறை சூடேற்றிக் கொடுத்தால் போதும், எண்ணெய் தீரும்வரை அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். 1892-ல் ஸ்டாக்ஹோமில் ஃப்ரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்க்விஸ்ட் செய்த பிரைமஸ் ஸ்டவ்வில் இருந்த அமைப்பு இது. திரி கிடையாது, அதனால் புகையும் கிடையாது. துருவப் பயணிகளின் கூடாரத்திலும் எங்கள் அடுக்களையிலும் கேட்டது ஒரே இரைச்சல்தான்.

சூடு போதாமல் பம்பு அடித்தால்? ஆவிக்குப் பதிலாகத் திரவம் மேலே வரும். காற்றோடு சரியாகக் கலக்காமல் அரைகுறையாக எரியும். எரியாத கார்பன் நுண்துகள்கள் அனலில் ஒளிர்வதுதான் அந்த மஞ்சள் நிறம். அவை ஆறிப் படிந்தால் அடுக்களைச் சுவரில் கரி. அன்று எங்கள் வீட்டில் எழுந்த மஞ்சள் நாக்குக்கு இதுவே பொருள். நிப்பிளை அடைத்ததும் அதே கரிதான். சூட்டில் எண்ணெயின் சங்கிலிகள் உடைந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் துளையின் விளிம்பில் படிந்துகொண்டே வரும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 'ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி' என்ற செய்தியைப் படிக்காத வாரம் என் இளமையில் இல்லை. கலப்பட எண்ணெயாலும், எரியும்போதே எண்ணெய் ஊற்றியதாலும் விபத்துகள் நடந்தது உண்மை. ஆனால் வரதட்சிணைக் கொலைகள் பலவற்றை மறைக்க இந்தக் கருவியின் பெயர் பயன்பட்டது என்பதும் நீதிமன்றங்களில் திரும்பத் திரும்ப வெளிவந்த உண்மை. காற்றுத் திருகைத் தளர்த்தினால் நொடியில் அடங்கிவிடுகிற ஒரு அடுப்பின் மேல் அத்தனை மரணங்களையும் எழுதிவைத்தோம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரி இரவு, அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் இருக்கும் அத்தான் போனில் அழைத்தார். அங்கே அப்போது காலை. வெளியே பனி, வீட்டுக்குள் 11 டிகிரி. நிலவறையில் இருக்கும் ஆயில் ஃபர்னஸ் ஓடவில்லை. "சிவப்புப் பொத்தான் ஒண்ணு இருக்கு. நாலு தடவை அமுக்கிட்டேன். உறுமுது, அப்புறம் நின்னுடுது" என்றார். அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் எண்ணெயை எரித்துக் குளிர்காலத்தைக் கடக்கும் வீடுகள் இன்றும் ஏராளம். டீசலுக்கு ஒன்றுவிட்ட உறவு அந்த எண்ணெய்.

எனக்கு ஃபர்னஸைப் பற்றி அன்று ஒன்றும் தெரியாது. வந்து சரிசெய்த மெக்கானிக் சொன்னதை அத்தான் பிறகு விவரித்தார். நான் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க அண்ணாச்சியின் பலகைதான் கண்ணில் வந்தது.

ஸ்டவ் எண்ணெயைச் சூட்டால் ஆவியாக்குகிறது. ஃபர்னஸ் அதை அழுத்தத்தால் மூடுபனியாக்குகிறது. ஒரே மோட்டார் ஒரு பக்கம் விசிறியையும் மறுபக்கம் எண்ணெய்ப் பம்பையும் சுற்றும். பம்பு எண்ணெயை ஏறக்குறைய ஏழு வளிமண்டல அழுத்தத்துக்கு ஏற்றி, நாசில் என்னும் நுண்துளை வழியே பீய்ச்சும். ஒரு மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு துளியை 0.05 மில்லிமீட்டர் துளிகளாக உடைத்தால் 8,000 துளிகள் கிடைக்கும். எண்ணெய் அதே அளவுதான், ஆனால் காற்றைத் தொடும் பரப்பு 20 மடங்கு. முழுச் சிரட்டையில் தீக்குச்சி வைத்தால் குச்சிதான் தீரும். தேங்காய்த் தும்பில் வைத்தால் குப்பென்று பற்றும். அந்த வித்தியாசம்தான் இது. துளிகள் பறக்கும் பாதையில் இரண்டு மின்முனைகளுக்கு நடுவே 10,000 வோல்ட் பொறி பாய்கிறது. பற்றிக்கொள்கிறது.

பற்றியதா என்று பார்க்க உள்ளே ஒரு கண் இருக்கிறது. உவமையாகச் சொல்லவில்லை. காட்மியம் சல்ஃபைடு பூசிய ஒரு சின்ன வில்லை அது. வெளிச்சம் பட்டால் அதன் மின்தடை சட்டென்று குறையும். மோட்டார் ஓடத் தொடங்கிப் பதினைந்திலிருந்து நாற்பத்தைந்து நொடிக்குள் அந்தக் கண் தீயைக் காணவில்லை என்றால், கட்டுப்பாட்டுப் பெட்டி எல்லாவற்றையும் நிறுத்திப் பூட்டிவிடும். பூட்டைத் திறப்பதற்குத்தான் சிவப்புப் பொத்தான்.

அத்தான் நாலு தடவை அமுக்கினார் என்றால் என்ன அர்த்தம்? பற்றாத எண்ணெய் நாலு தடவை எரியறைக்குள் பீய்ச்சப்பட்டிருக்கலாம். அது அடியில் தேங்கும். ஐந்தாவது தடவை பற்றினால் தேங்கிய மொத்தமும் ஒரே மூச்சில் பற்றும். புகைக்குழாய் பிய்ந்து, வீடு முழுக்கக் கரி பறந்த சம்பவங்கள் உண்டு. அதனால்தான் பொத்தானை ஒரே ஒரு தடவைதான் அமுக்கலாம் என்கிறார்கள். அதற்கும் பற்றவில்லையென்றால் கையை எடுத்துவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும். குளிர் நாடுகளில் இருக்கும் நம்மவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பொத்தானுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை வேறு. தெர்மோஸ்டாட்டின் பேட்டரி தீர்ந்திருக்கிறதா? நிலவறைப் படியின் தலைப்பில் இருக்கும் சுவிட்சை விளக்கு சுவிட்ச் என்று நினைத்து யாராவது அணைத்துவிட்டார்களா? இது அடிக்கடி நடப்பது. தொட்டியில் எண்ணெய் இருக்கிறதா? வெளியே நிற்கும் தொட்டியென்றால் கடுங்குளிரில், மைனஸ் 9 டிகிரி வாக்கில், எண்ணெயிலேயே மெழுகு திரளத் தொடங்கும்; மார்கழியில் நம் தேங்காயெண்ணெய் உறைவதைப் போல. அத்தான் வீட்டில் தொட்டி ஏறக்குறைய காலி. அடியில் பல வருடமாகப் படிந்திருந்த வண்டல் ஏறி வடிகட்டியை அடைத்திருந்தது. குழாயில் காற்றும் புகுந்திருந்தது. மெக்கானிக் வடிகட்டியையும் நாசிலையும் மாற்றினார். பம்பில் உள்ள ஒரு திருகைத் தளர்த்தி, நுரை நுரையாக வந்த எண்ணெய் தெளிந்த தாரையாகும்வரை வடியவிட்டார். அதன் பிறகு தீ ஒரே பொறியில் பற்றியது. தீ பற்றும் இடத்தில் எந்தக் கோளாறும் இருக்கவில்லை.

இனி ஊருக்குத் திரும்புகிறேன். திருவனந்தபுரத்துக்கு வெளியே, நெடுமங்காடு போகும் வழியில் வலியமலை. அங்கே இஸ்ரோவின் திரவ உந்து அமைப்புகள் மையம் இருக்கிறது. ராக்கெட்டின் திரவ எரிபொருள் எஞ்சின்களை வடிவமைக்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். மலைத்தொடருக்கு அந்தப் பக்கம், திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் அந்த எஞ்சின்கள் சோதிக்கப்படுகின்றன. அவற்றில் கிரையோஜெனிக் எஞ்சினுக்கு உணவு மைனஸ் 253 டிகிரியில் திரவமான ஹைட்ரஜனும், மைனஸ் 183 டிகிரியில் திரவமான ஆக்சிஜனும். உலகத்திலேயே மிகக் குளிர்ந்த பொருள்களில் ஒன்றைக் கொண்டு மூட்டுகிற அடுப்பு.

இந்தியா சொந்தமாகச் செய்த கிரையோஜெனிக் எஞ்சின் முதன்முதலில் பறந்தது 2010 ஏப்ரல் 15-ல், ஜி.எஸ்.எல்.வி. டி3 ராக்கெட்டில். அது தோற்றது. அன்று அடுப்பு பற்றியது என்பதுதான் பலருக்குத் தெரியாத செய்தி. எரியறையில் தீ மூண்டதற்கான அடையாளங்கள் பதிவாகியிருந்தன. ஆனால் ஹைட்ரஜனைத் தொட்டியிலிருந்து தள்ளிவிடும் சின்ன டர்போ பம்பு, நிமிடத்துக்கு 34,800 சுற்று வேகத்தை எட்டியிருந்த அது, ஒரு நொடிகூட ஆகும் முன் தளர்ந்தது. அடுத்த அரை நொடி வாக்கில் நின்றே போனது. தீ இருந்தது, எரிபொருள் வந்து சேரவில்லை. பம்பின் சுழலி ஓர் அடைப்பானில் பிடித்துக்கொண்டிருக்கலாம், அல்லது டர்பைனின் கூடு அழுத்தத்தாலும் வெப்ப வேறுபாட்டாலும் பிளந்திருக்கலாம் என்று ஆய்வுக் குழு முடிவுக்கு வந்தது. நான்கு வருடம் உழைத்தார்கள். 2014 ஜனவரி 5-ல் டி5 வென்றது.

அடுத்தது 2021 ஆகஸ்ட் 12, விடியற்காலை 5.43. ஜி.எஸ்.எல்.வி. எஃப்10 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. முதல் இரண்டு அடுக்குகளும் பிசகில்லாமல் வேலை செய்தன. மூன்றாவதான கிரையோஜெனிக் அடுக்கு பற்றவே இல்லை. 307-வது நொடியில் ராக்கெட்டின் கணினி பயணத்தைக் கைவிட்டது.

பழுதான ஸ்டவ்வை அண்ணாச்சி கையில் எடுத்துக் குலுக்க முடிந்தது. இவர்களுக்கு அது முடியாது. கருவி கடலுக்குள் போய்விட்டது. பறந்தபோது அது அனுப்பிய எண்கள் மட்டும்தான் மிச்சம். ஒவ்வொரு தொட்டியின் அழுத்தம், ஒவ்வொரு பம்பின் வேகம், நொடியின் சிறு பகுதிகளாக. அந்த எண்களின் வழியே பின்னோக்கி நடந்தார்கள். எஞ்சின் பற்றவில்லை, ஏனென்றால் ஹைட்ரஜன் பம்பு சரியாக ஓடவில்லை. பம்பு சரியாக ஓடவில்லை. ஏனென்றால் தொட்டியில் இருக்க வேண்டிய அழுத்தம் இல்லை. அழுத்தம் ஏன் இல்லை? அதிகப்படி அழுத்தத்தை வெளியேற்றுவதற்காகத் தொட்டியில் வைத்திருந்த வால்வு கசிந்திருக்கிறது. அந்த வால்வின் மிருதுவான சீல் சேதப்பட்டிருக்க வேண்டும் என்பதே குழுவின் முடிவு.

இதை முதன்முதலாகப் படித்தபோது நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். காற்றுத் திருகு சரியாக மூடவில்லை, தொட்டியில் காற்று நிற்கவில்லை. பத்துத் தடவை பம்பு அடித்துவிட்டு அண்ணாச்சி ஒரு நிமிடம் காத்திருந்தாரே, அது இதைத் தெரிந்துகொள்ளத்தான்.

இஸ்ரோ சொன்ன தீர்வும் அதே வழியில் போனது. வால்வையும் அதைச் சார்ந்த குழாய்களையும் பலப்படுத்துவது. எஞ்சின் தொடங்கும் முன் ஹைட்ரஜன் தொட்டிக்குத் தனியாக அழுத்தம் ஏற்றும் ஏற்பாடு ஒன்றைச் சேர்ப்பது. தரையிலிருந்து கிளம்ப அனுமதி கொடுக்கும் முன் இன்னும் சில அளவுகளைத் தானியங்கியாகச் சரிபார்ப்பது. 2023 மே 29-ல் ஜி.எஸ்.எல்.வி. எஃப்12, என்.வி.எஸ்.-01 செயற்கைக்கோளைச் சுமந்து போனது. மூன்றாவது அடுக்கு பற்றியது.

இப்போது இவர்கள் மண்ணெண்ணெய்க்கே வந்திருக்கிறார்கள். வலியமலைக்காரர்கள் உருவாக்கிவரும் செமி-கிரையோஜெனிக் எஞ்சின் எரிப்பது, நன்றாகச் சுத்திகரித்த மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும். அதன் உந்துவிசை 2,000 கிலோநியூட்டன். ஏறக்குறைய 200 டன் எடையைத் தாங்கி நிறுத்தும் விசை. இதிலும் பற்றவைப்பதுதான் கடினமான பகுதி. முதலில் ஒரு சின்ன முன்னெரிப்பு அறை பற்ற வேண்டும். அதன் வாயு டர்பைனைச் சுழற்ற வேண்டும். டர்பைன் பம்புகளைச் சுழற்ற வேண்டும். பம்புகள் எண்ணெயைத் தள்ள வேண்டும். 2023 ஜூலை 1-ல் மகேந்திரகிரியில் நடந்த சோதனை பாதியில் நிறுத்தப்பட்டது. டர்பைனில் எதிர்பாராமல் அழுத்தம் எகிறி, அதன் வேகம் விழுந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து ஒவ்வொரு கண்ணியாகச் சோதித்தார்கள். 2024 மே 2-ல் முன்னெரிப்பு அறை மட்டும் தனியாகப் பற்றவைக்கப்பட்டது. 2025 மார்ச் 28-ல் எஞ்சினின் தலைப்பகுதி முழுவதும் சேர்ந்து இரண்டரை நொடி எரிந்தது.

மண்ணெண்ணெய் தானாக எளிதில் பற்றாது என்று பார்த்தோம். ஸ்டவ்வுக்கு அதற்காகத்தான் ஒரு கரண்டி ஸ்பிரிட். இந்த எஞ்சினுக்கும் அப்படி ஒன்று வைத்திருக்கிறார்கள்: ட்ரைஈத்தைல் அலுமினியமும் ட்ரைஈத்தைல் போரானும் கலந்து அடைத்த ஒரு ஆம்பூல். பொறி வேண்டாம், குச்சி வேண்டாம். ஆக்சிஜனைத் தொட்டதும் அந்தக் கலவை தானே பற்றிக்கொள்ளும், அதன் தீயில் மண்ணெண்ணெய் பற்றும். அந்த ஆம்பூலை உருவாக்கியது தும்பாவில் உள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையம். அண்ணாச்சி பலகை போட்டு உட்கார்ந்திருந்த சந்தும் அந்த மையமும் ஒரே ஊரில்தான் இருக்கின்றன.